ஐதீகமும் ஆட்டவிதியும்

மக்கள் வழங்கிவந்த கதை எதுவும் ஆளில்லாத வெளியிற் பிறந்ததன்று. ஒவ்வொரு பூதத்தின் பின்னாலும் அதனை அஞ்சிய ஓர் ஊர் உண்டு. அவ்வூரின் உழைப்பும் பசியும் பகையும் உண்டு. அக்கதையை வேறொரு கலைவடிவத்துக்கு மாற்றுவோர், பூதத்தை எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிடுவாராயின் அவர் கையிற் கிடைப்பது கதையின் தோல் மட்டுமே. மேசையைச் சுற்றியிருந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடையது.

இவ்விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதை வாயாற் சொல்வர். ஐயத்துக்குரிய செயலின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். ஒருவகையில் இது கூட்டாகக் கதை சொல்லும் பழைய வழக்கமே எனலாம். 1974 இல் அமெரிக்கரான கரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்ததோடு இது விற்பனைப் பண்டமாகியது. கிரேக்கர், யூதர், அராபியர், இந்தியர் எனப் பல மக்களின் ஐதீகங்களையும் அது தாராளமாக அள்ளிக்கொண்டது.

தொடக்கப் பதிப்பில், ரொல்கீனின் நாவல்களில் வரும் ‘ஹொபிற்’ என்னும் குள்ளரும் இடம்பெற்றிருந்தனர். உரிமையாளரின் சட்ட எச்சரிக்கை வந்ததும், 1977 அளவில் அப்பெயர் நீங்கி ‘ஹாஃப்லிங்’ என்ற பெயர் புகுந்தது. அதே 1977 இல் வெளிவந்த ‘மொன்ஸ்டர் மனுவல்’ என்னும் தொகுதியில் இராட்சதனும் கொலெமும் தத்தம் பெயருடனேயே நின்றனர். தனியொருவரின் படைப்புக்கு உரிமைக்காரர் உண்டு. மக்களின் படைப்புக்குக் கேட்பாரில்லை என்பது முதலாளித்துவச் சந்தையின் நியதி. இதனாற் கதைகளுக்கு வேலி கட்டவேண்டும் என்பது நம் வாதமன்று. கதைகள் நாடுவிட்டு நாடு சென்றே வளர்ந்துள்ளன. இராமகாதை சாவகத்திலும் தாய்லாந்திலும் வெவ்வேறு உருக்கொண்டதை அறிவோம். கடன் பெற்றவர் பெற்றதை என்ன செய்தார் என்பதே கேள்வி.

அத்தொகுதியில் இராட்சதன் புலித்தலையோடு, புகைக்குழாய் பிடித்த சீமானாகச் சித்திரிக்கப்பட்டுள்ளான். குருவானவர் ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் அவன் மடிவான். இது வான்மீகியோ கம்பனோ சொன்னதன்று. 1974 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய ‘கொல்சாக்’ என்னும் தொடரின் ஓர் அங்கத்திலும் இராட்சதனைக் கொல்வது இதே அம்புதான். கம்பனைக் கற்ற நமக்கோ அரக்கர் என்றதும் நினைவுக்கு வருவோர் வேறு. வீணை வல்ல இராவணன், அறத்தின்பொருட்டு அண்ணனைப் பிரிந்த வீடணன், அண்ணன் செய்தது பிழையென்று அறிந்தும் அவனுக்காகக் களத்தில் மடிந்த கும்பகருணன் ஆகியோர் ஒரே குலத்துள் நின்று அறத்தைப் பற்றி வழக்காடுகின்றனர். ஆட்டநூல் அவ்வினம் முழுவதற்கும் ‘தீயது’ என்ற ஒரே முத்திரையைக் குத்திவிட்டது. பிறப்பைக் கொண்டே மனிதரை மதிப்பிடும் கொடுமையை அறிந்த சமுதாயத்தினர் இதனை வெறும் விளையாட்டென்று தள்ளிவிட முடியாது.

கொலெமின் கதி இன்னும் இரங்கத்தக்கது. பிராக் நகரில் வாழ்ந்து 1609 இல் மறைந்த றப்பி யூதா லோ, களிமண்ணால் ஓர் உருவம் செய்து அதற்கு உயிரூட்டினார் என்பது யூதரின் ஐதீகம். கிறித்தவக் குழந்தைகளைக் கொன்றனர் என்ற பொய்ப்பழி சுமத்தப்பட்டு வேட்டையாடப்பட்ட மக்களைக் காப்பதே, இன்று பரவலாக வழங்கும் கதையில் அதன் பணி. ஆட்டத்திலோ கொலெம் பெரும்பாலும் ஒரு மந்திரவாதியின் நிலவறையைக் காத்து நிற்கிறது. ஒடுக்கப்பட்டோரின் காவலன் செல்வக் குவியலின் காவலாளியாகிவிட்டான்.

இதற்கு நூலாசிரியரின் அறியாமையை மட்டும் காரணங்கூறி அமைதல் பொருந்தாது. ஆட்டத்தின் விதியையே நோக்குதல் வேண்டும். அக்கால விதிகளின்படி, கொன்ற பகைக்கும் கவர்ந்த பொன்னுக்கும் ‘அனுபவப் புள்ளி’கள் வழங்கப்பட்டன, அவற்றாலேயே பாத்திரம் வலிமையில் உயரும். இத்தகைய கணக்கினுள் எந்த நாட்டுக் கதை புகுந்தாலும், கொல்லத்தக்கது, கொள்ளையிடத்தக்கது என்ற இரண்டாகவே அது சுருங்கும்.

விதி மாறினால் கதையும் மீளும் என்பதற்குச் சுவீடனில் ஆக்கப்பெற்று 2020 இல் வெளிவந்த ‘வேசென்’ சான்று. ஜொஹான் ஏகர்கிரான்ஸ் வரைந்தெழுதிய வடநாட்டு நாட்டார் தெய்வங்களும் பூதங்களுமே அதன் மூலம். களம் 19 ஆம் நூற்றாண்டு. மக்கள் கிராமத்தைவிட்டு நகரத்து ஆலைகளை நாடிச் செல்லும் காலம். மனிதருக்கும் அச்சக்திகளுக்கும் இடையே நிலவிய பழைய உறவு முறிந்ததனாலேயே இன்னல் விளைகிறது. அவற்றை ஆயுதத்தால் நிரந்தரமாக வெல்லுதல் பெரும்பாலும் இயலாது. யார் யாருக்கு என்ன தீங்கு இழைத்தனர் என ஊரிற் சென்று விசாரித்து அறிதல் வேண்டும். இங்கு பூதத்தை விளங்கிக்கொள்ள ஊரை விளங்கிக்கொள்வதே வழி. ஊழியனாகவும் நாடோடியாகவும்கூட ஆடலாம். எனினும், விசாரிப்போர் உப்சாலா நகரத்துச் சங்கமொன்றினர். கிராமத்தவர் சாட்சி சொல்வோராகவே நின்றுவிடுகின்றனர். இது அவ்வாட்டத்தின் எல்லை.

அவ்வெல்லையைக் கடக்க முயன்றது 2022 இல் வெளிவந்த ‘கொயோட்டி அன்ட் குரோ’. ஐரோப்பியர் ஒருபோதும் அடிமைப்படுத்தாத ஓர் அமெரிக்காவைக் கற்பனைசெய்த அவ்வாட்டத்தை ஆக்கியோர் அந்நாட்டு ஆதிக்குடிகளைச் சேர்ந்த கலைஞர்களே. கதைக்குரியவர் தாமே விதியெழுத வரும்போது, அவர்தம் மரபு பிறருடைய வேட்டைக்களமாகாது.

நம் மாணவர் எவரேனும் நமது கிராமத்து முனியையும் பேயையும் இத்தகைய ஆட்டமாக்க நாளை முன்வரக்கூடும். முனியின் வலிமைக்கு எத்தனை புள்ளி என்று வகுக்குமுன், அதற்குப் படையலிட்டவர் யார், அஞ்சியவர் யார், அந்த அச்சத்தாற் பயனடைந்தவர் யார் என்று அவர் விசாரிப்பாராக. அவ்விடைகளிலிருந்து விதிகள் பிறக்குமாயின், ஆட்டமும் மக்கள் கலைகளுள் ஒன்றாகும்.