பிஸ்க்ராவின் மெழுகு உருளைகளும் நம் கரையின் மெட்டுகளும்

வாத்திய இசையின் ஆகுமை குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. அவ்விவாதத்துள் நாம் இங்கு நுழையவில்லை. இசை அறிஞர் ஒருவர் பிற சமூகங்களின் குரலை எவ்வாறு செவிமடுத்தார், அது அவர் படைப்பில் என்னவாயிற்று என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

டென்னிஸ் ரஸ்ஸல் டேவிஸ் நெறிப்படுத்த, ஸ்டுட்கார்ட் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்து, இசிஎம் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஒலித்தட்டு, ஹங்கேரியின் பேலா பார்த்தோக்கையும் (1881–1945) போலந்தின் வித்தோல்த் லுத்தோஸ்வாவ்ஸ்கியையும் (1913–1994) அருகருகே வைக்கிறது. லுத்தோஸ்வாவ்ஸ்கியின் 'இரங்கல் இசை' பார்த்தோக்கின் நினைவாக இயற்றப்பட்டு 1958இல் அரங்கேறியது. தனித்த செல்லோவில் தொடங்கி, கம்பிக் கருவிகள் படிப்படியாகச் சேர்ந்து உச்சத்தை எட்டி, மீண்டும் ஒற்றைச் செல்லோவில் அது ஒடுங்குகிறது. துயரத்தை மிகைப்படுத்தாத இக்குழுவின் வாசிப்பு இப்படைப்புக்கு மிகப் பொருந்துகிறது.

'டிவர்டிமென்டோ' பார்த்தோக் 1939 ஆகஸ்டில், போர் மூளும் தறுவாயில், பாசல் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவுக்காகச் சுவிட்சர்லாந்தில் எழுதியது. அதன் நடுப்பகுதியின் இருளை இக்குழு தயங்காமல் வெளிக்கொணர்கிறது. ஆயின் 'ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்' நம்மை முழுமையாக நிறைவுறுத்தவில்லை. டிரான்சில்வேனியச் சிற்றூர்களில் திரட்டிய மெட்டுகளைக் கொண்டு 1915இல் பியானோவுக்கு எழுதப்பட்டு, பின்னர் ஆர்தர் வில்னரால் கம்பிக் கருவிகளுக்கு மாற்றப்பட்டவை இவை. மூன்றாம் நடனத்தின் அகன்ற சுர இடைவெளி ஹிஜாஸ் மகாமை நினைவூட்டுகிறது. மாயாமாளவகௌளையின் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையிலுள்ள தொலைவும் அதுவே. அத்தகைய மெட்டு இங்கே மெருகேறி ஒலிக்கிறது. கிராமத்துப் புழுதி அதில் ஒட்டவில்லை.

அப்புழுதியைப் பார்த்தோக் நன்கறிவார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதிக்குச் சென்று, அரபு மக்களின் பாடல்களை ஃபோனோகிராஃபின் மெழுகு உருளைகளில் பதிந்து, அவற்றைப் பற்றிய ஆய்வை 1920இல் வெளியிட்டார். 1917இல் நிறைவுற்ற அவரது இரண்டாம் நால்வர் இசையிலும் 1923ஆம் ஆண்டின் 'நடனத் தொகுதி'யிலும் அரபுச் சாயல் தென்படுகிறது. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டிலும் அவர் பங்கேற்றார். முதலில் செவிமடுத்தல், அடுத்துப் பதிவு, அதன் பின்னரே படைப்பு என்பதே அவர் கைக்கொண்ட வரிசை.

நம் திருமலைராயன்பட்டினம் காரைக்கால் பகுதியுடன் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1913இன் பிஸ்க்ராவும் அவ்வாட்சியின் கீழ்தான் இருந்தது. அங்கு கேட்கப்பட்டவாறு காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடைப்பட்ட நம் கரை கேட்கப்பட்டதா? முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் ஆகியவற்றின் சொற்களை நம் அறிஞர் பலர் அரும்பாடுபட்டு அச்சேற்றினர். அவற்றை ஓதிய மெட்டுகளோ அச்சில் அடங்குவன அல்ல. பின்னாளில் திரைப்பட மெட்டுகளில் அமைந்த பக்திப் பாடல்கள் ஒலிநாடாக்களில் பெருகின. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. எனினும் பழைய மெட்டின் இடத்தை அவை நிரப்ப இயலாது.

மூலம் பதிவாகியிருப்பின், மெருகேற்றிய வடிவத்தை அதனோடு ஒப்பிட்டு மதிப்பிடலாம். ருமேனிய நடனங்களைப் பற்றி நாம் குறை கூற முடிவதும் பார்த்தோக் மூலத்தைத் திரட்டி வைத்ததனாலேயே. நம் இல்லங்களில் முதிய பெண்மணிகள் ஓதும் தாலாட்டையும் முனாஜாத்தையும் ஊர், நாள், ஓதியவர் பெயர் ஆகிய குறிப்புகளுடன் உள்ளவாறே பதிந்து வைப்பது, கைப்பேசி எல்லாரிடமும் உள்ள இக்காலத்தில் அரிய செயலன்று. திருத்தமும் மெருகும் பின்னர் வரட்டும்.