கிபியோனியருக்கு அளித்த ஆணை: எபிரேய மறைநூலில் சமூக வாக்குறுதி

முன்னுரை

தனிமனிதர் அளிக்கும் வாக்கு அவரோடு முடியக்கூடும். ஒரு சமூகம் அளிக்கும் வாக்கோ அளித்தவர்கள் மறைந்த பின்னும் நிற்கிறது. அதைக் காக்கும் கடமை யாருடையது? மீறப்பட்டால் அதற்கு விலை கொடுப்பவர் யார்? யூதரின் மறைநூலாகிய எபிரேய விவிலியம் இவ்வினாக்களைப் பெரும்பாலும் கதைகளின் வழியாகவே எழுப்புகிறது. யோசுவா 9, 2 சாமுவேல் 21, எரேமியா 34 ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்டு இதனை இங்கு ஆராய்கிறோம்.

வெட்டப்படும் உடன்படிக்கை

எபிரேயத்தில் 'பெரித்' எனப்படுவதையே தமிழ் விவிலியம் 'உடன்படிக்கை' என்கிறது. தமிழ்ச்சொல் இரு தரப்பாரின் இசைவை உணர்த்துகிறது. எபிரேய வழக்கிலோ உடன்படிக்கை 'வெட்டப்படுகிறது'. கன்றை இரண்டாகப் பிளந்து, அத்துண்டுகளின் நடுவே நடந்து செல்லும் சடங்கை எரேமியா 34 காட்டுகிறது. வாக்கை மீறினால் இக்கன்றின் கதியே எமக்கும் நேரட்டும் என்பது அதன் உட்பொருள்.

பண்டைய இத்தைத்துப் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்களோடு இஸ்ரவேலின் உடன்படிக்கையை 1954இல் ஜார்ஜ் மெண்டென்ஹால் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவ்வொப்பந்தங்களில் தெய்வங்கள் சாட்சியாயினும், மீறியவனைத் தண்டிக்கப் பேரரசனின் படையும் இருந்தது. நாம் காணவிருக்கும் கதைகளில் வாக்குப் பெற்றவர் எளியவர். அவருக்குப் படை இல்லை. சாட்சியாக அழைக்கப்பட்ட இறைவன் மட்டுமே உண்டு.

ஏமாற்றிப் பெற்ற வாக்கு

பழைய கோணிகள், கிழிந்த திராட்சரசத் துருத்திகள், பூசணம் பூத்த அப்பங்கள் ஆகியவற்றோடு தொலைநாட்டவர் போல வந்த கிபியோனியர், உயிர்காப்பு வேண்டி உடன்படிக்கை பெற்றனர். அவர்கள் அண்டை ஊரார் என்பது மூன்று நாளில் வெளிப்பட்டது. மக்கள் தலைவர்களுக்கு எதிராக முறுமுறுத்தனர். ஆயினும் இறைவன் பெயரால் ஆணையிட்டுவிட்டதால் அவர்களைத் தொடலாகாது எனத் தலைவர்கள் உறுதியாக நின்றனர்.

வஞ்சனையால் பெற்ற வாக்கு கட்டுப்படுத்துமா? தல்மூதின் கித்தின் பகுதியில் அறிஞர்கள் இதனை விவாதிக்கின்றனர். அந்த ஆணை செல்லவே செல்லாது, ஆனாலும் இறைவன் திருப்பெயரின் தூய்மை கருதியே கிபியோனியர் கொல்லப்படவில்லை என்பது அங்குக் காணும் ஒரு கருத்து. சட்டம் விடுவித்தாலும், சமூகம் யார் பெயரால் பேசியதோ அப்பெயரின் மதிப்பு விடுவிப்பதில்லை என்னும் இவ்விளக்கம் ஆழமானது. எனினும், உயிர் காக்கப்பட்டதே தவிரச் சமநிலை வழங்கப்படவில்லை என்பதை மறத்தலாகாது. கிபியோனியர் விறகு வெட்டுவோராகவும் நீர் சுமப்போராகவும் ஆக்கப்பட்டனர்.

மீறலும் ரிஸ்பாளின் காவலும்

யோசுவா முதல் அரசர் நூல்கள் வரையிலானவற்றை ஒரே தொடர் வரலாறாகக் காணும் கருத்தை மார்ட்டின் நோத் 1943இல் முன்வைத்தார். அவ்வாறு படித்தால், கிபியோனியரின் கதை 2 சாமுவேல் 21இல்தான் முடிவுக்கு வருகிறது. மன்னன் சவுல், இஸ்ரவேல்மீது கொண்ட வைராக்கியத்தால் கிபியோனியரைக் கொல்கிறான். முன்னோர் தந்த வாக்கு, தன் மக்கள்மீதுள்ள பற்றின் பெயராலேயே மீறப்படுகிறது. அதன் விளைவாகத் தாவீதின் காலத்தில் மூன்றாண்டுப் பஞ்சம் வருகிறது.

கிபியோனியர் பொன்னும் வெள்ளியும் கேட்கவில்லை. சவுலின் வழித்தோன்றல்கள் எழுவரைக் கேட்கின்றனர். தாவீது, யோனத்தானுக்குத் தந்த ஆணையால் அவன் மகன் மேவிபோசேத்தைத் தப்புவித்து, மற்ற எழுவரை ஒப்படைக்கிறான். ஒரு வாக்கு ஒருவனைக் காக்க, இன்னொரு வாக்கின் மீறலுக்காக எழுவர் மாள்கின்றனர்.

இதனை நீதி நிறைவேறிய கதையாகப் படிப்போர் உண்டு. அவ்வாசிப்பை நம்மால் ஏற்க இயலவில்லை. பிதாக்களின் குற்றத்திற்காகப் பிள்ளைகள் கொல்லப்படலாகாது என்பது உபாகமம் 24 கூறும் நெறி. மேலும், கதை எழுவரின் மரணத்தோடு நிற்பதில்லை. தன் இரு மைந்தரையும் பறிகொடுத்த ரிஸ்பாள், பாறைமேல் இரட்டு விரித்து, அறுவடைத் தொடக்கம் முதல் மழை பொழியும் வரை, பறவையும் விலங்கும் அவ்வுடல்களை அணுகாது காக்கிறாள். அச்செய்தி தாவீதை எட்டுகிறது. அவன் சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளை எடுத்து அடக்கம் செய்கிறான். கொல்லப்பட்டோரின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன. நாட்டுக்கான வேண்டுதலை இறைவன் கேட்டருளினார் என்னும் கூற்று கொலைக்குப் பின் அன்று, அடக்கத்திற்குப் பின்னரே இடம்பெறுகிறது. இவ்வைப்பு முறை தற்செயலானது எனக் கொள்ள முடியவில்லை.

முற்றுகையில் பிறந்த வாக்கு

கி.மு. 588 அளவில் தொடங்கிய பாபிலோனிய முற்றுகையின்போது, எருசலேம் மக்கள் சிதேக்கியா மன்னனோடு உடன்படிக்கை செய்து, தம் எபிரேய அடிமைகளை விடுதலை செய்தனர். பின்னர் எகிப்தியப் படையின் வருகையால் முற்றுகை தளர்ந்தது. விடுவித்தவர்களையே மீண்டும் அடிமையாக்கினர். எரேமியா அவர்களுடைய சொல்லையே அவர்கள்மீது திருப்புகிறார்: அடிமைகளுக்கு விடுதலை கூறாத உங்களுக்கு வாளும் கொள்ளைநோயும் பஞ்சமும் வருவதற்கான 'விடுதலை' கூறப்படுகிறது என்கிறார். அச்சத்தில் பிறந்த வாக்கு அச்சம் நீங்கியதும் மறைந்த அவலத்தை இந்த முரண்சொல் கூர்மையாக உணர்த்துகிறது.

முடிவுரை

கிபியோனியரும் அடிமைகளும் தமக்குத் தரப்பட்ட வாக்கைத் தாமே நிலைநாட்ட வலிமையற்றவர்கள். ஒரு சமூகத்தின் உண்மைத்தன்மை அத்தகையோரிடத்தேதான் சோதிக்கப்படுகிறது என இப்பகுதிகளால் அறிகிறோம். அதனினும் கசப்பான ஓர் உண்மையையும் மறைநூல் மறைக்கவில்லை. வாக்கை மீறியவன் மன்னன். பாறைமேல் விழித்திருந்தவளோ மைந்தரை இழந்த தாய்.