மருதாணியை இரண்டாம் நாள் பாருங்கள்

"எனக்கு மருதாணியே பிடிக்காது" என்று சொல்லும் பெண்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எதை வைத்துப் பார்த்தாய் என்று கேட்டால், பத்தே நிமிடத்தில் சிவக்கும் என்று கடையில் கொடுத்த கோனைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருத்தியின் கல்யாணத்தில் மூன்று மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த கதையைச் சொல்வார்கள். இலை பறித்து, அரைத்து, ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்து பார்த்ததுண்டா என்றால் இல்லை. அதாவது, மருதாணி வைத்துக்கொண்டதே இல்லை. வைத்துக்கொள்ளாத ஒன்றைப் பிடிக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

முதலில் அடிப்படையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கொழுந்தும் நடுத்தர இலையுமாகப் பறியுங்கள். முள் இருக்கும், பார்த்து. கழுவி, நீரை நன்றாக வடியவிட்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ புளித்த தயிரோ விட்டு மை போல அரையுங்கள். அம்மி இருந்தால் உத்தமம், மிக்ஸியின் சின்ன ஜாரும் போதும். ஒரு கிராம்பு, ஒரு துண்டு கொட்டைப்பாக்கு சேர்ப்பவர்கள் உண்டு. தண்ணீர் ஊற்றி நீர்க்கவிட்டால் எல்லாம் போச்சு. உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டு, பத்து விரலுக்கும் தொப்பி. சாப்பாட்டை முடித்துவிட்டு வைத்துக்கொண்டு தூங்குங்கள். காலையில் உதிர்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சோப்பும் தண்ணீரும் அன்று எவ்வளவு தாமதமாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது. இவ்வளவுதான் வேலை. ரசனை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

மருதாணியில் இரண்டு சிவப்பு உண்டு. ஒன்று பத்தின சிவப்பு, மற்றது ஏறின சிவப்பு. காலையில் காய்ந்ததை உதிர்த்தவுடன் கையில் தெரிவது பத்தின சிவப்பு. உண்மையில் அது சிவப்பே இல்லை, ஆரஞ்சு. அதைப் பார்த்து "ஐயோ, பிடிக்கவே இல்லையே" என்று முகம் வாடும் பெண்கள் எத்தனை பேர்! பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தால், "இருடி, ஏறும்" என்று ஒரே வார்த்தையில் சமாதானம் செய்துவிடுவாள். அவள் சொன்னது வெறும் சமாதானம் இல்லை. இலையில் லாசோன் என்ற சாயம் இருக்கிறது. அரைத்த விழுதில் இருந்து அது தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் காற்றில் உள்ள ஆக்சிஜன் படப்பட நிறம் அடர்கிறது. காலையில் ஆரஞ்சு, சாயங்காலம் செங்காவி, மறுநாள் பொழுது விடிந்து வெளிச்சத்தில் பார்த்தால் அரக்கு. நாற்பத்தெட்டு மணி நேரம் வரை இந்த ஏற்றம் நடக்கும். உங்கள் உடம்பின் மேல், நீங்கள் ஒன்றுமே செய்யாமல், உங்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிற அழகு வேறு எது இருக்கிறது? லிப்ஸ்டிக் போட்ட நிமிடத்தில் இருந்து குறையத்தான் செய்யும். கண்மை கலையத்தான் செய்யும். மருதாணி ஒன்றுதான் வைத்து முடித்தபின்பு கூடிக்கொண்டே போகிறது.

இதை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். ஒரே விரலின் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியின் உட்பக்கம், நாம் பொருளைத் தொடுகிற அந்தச் சதை, தோல் தடித்த இடம். சாயம் ஆழமாக இறங்கும், அரக்கு வரை ஏறும். பக்கவாட்டில் தோல் மெலிகிறது. அங்கே செங்காவியோடு நின்றுவிடும். விரலின் மேற்புறம், நகத்துக்குப் பின்னால், இன்னும் மெலிந்த தோல், ஆரஞ்சைத் தாண்டாது. ஒரே விழுது, ஒரே ராத்திரி, ஒரு விரலைச் சுற்றி மூன்று நிறம். யாரும் தீட்டவில்லை, தோல்தான் தீர்மானித்தது. இதைத் தெரிந்துகொண்டு விரலை மெல்லத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? ஜன்னல் வெளிச்சத்தில், எண்ணெய் தடவிய விரலை? பார்த்தவளுக்கு அப்புறம் டிசைன் புத்தகம் தேவைப்படாது.

நகம் தனிக் கணக்கு. தோலில் இருந்து நிறம் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும், ஏனென்றால் அந்த மேல்தோலே உதிர்ந்து புதுத்தோல் வருகிறது. நகம் அப்படி உதிர்வதில்லை. அது வளர்ந்துதான் நிறத்தைத் தள்ளியாக வேண்டும். அதனால் கொஞ்ச நாளில் நகத்தின் அடியில் நிறமில்லாத மெல்லிய பிறை தெரியும். மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில் அந்தப் பிறை மேலே ஏறும். கைநகம் முழுக்க வளர்ந்து மாற ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். ஆடியில் வைத்த மருதாணியின் கடைசிச் சிவப்பை மார்கழியில் நகம் வெட்டும்போது வெட்டி எறிகிறோம். நெயில் பாலிஷ் இரண்டே நாளில் ஓரம் பெயர்ந்து அசிங்கமாகும். மருதாணி பூசிய நகமோ தேயத்தேய ஒரு அழகு, வளரவளர ஒரு அழகு. வெளிறும் காலத்தை ரசிக்கத் தெரியாதவர்கள் மருதாணியில் பாதியைத்தான் அனுபவிக்கிறார்கள்.

இப்போது, எதை ரசனை என்று நினைத்து ஏமாறுகிறோம் என்று சொல்கிறேன். போனைத் திறந்தால் மருதாணிக் கை ரீல்ஸ் கொட்டுகிறது. கூர்ந்து பாருங்கள், எல்லாம் ஈர விழுது! கரும்பச்சையாக, பளபளவென்று, கோட்டுக்குக் கோடு துல்லியமாக. கை சிவப்பதற்கு முன்பே படம் எடுத்தாகிவிட்டது, பாராட்டும் வாங்கியாகிவிட்டது. மறுநாள் அந்தக் கை என்ன நிறத்தில் இருந்தது என்று காட்டுபவர்கள் குறைவு. இது மருதாணியை ரசிப்பது அல்ல, விழுதை ரசிப்பது. இந்தப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு "தொப்பி வைப்பதெல்லாம் பழைய காலம்" என்று தீர்ப்பு எழுதுபவர்களுக்கு நிறம் பார்க்கும் கண்ணே கிடையாது என்பேன்.

கோட்டுக் கலையை நான் குறை சொல்லவில்லை. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்கே பேர்போன ஊர். 2021-இல் சோஜத் மெஹந்திக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காயவைத்த இலையைப் பொடித்து, மாவாகச் சலித்து, குழைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டுக் கோனில் அடைக்கிறார்கள். அந்த மென்மையான விழுதில்தான் மயிரிழைக் கோடு வரும். அது ஒரு பெரிய கலை. நம் அம்மி விழுதில் அந்தக் கோடு வராது, வரவும் வேண்டாம். நம்முடையது வட்டம், பொட்டு, தொப்பி. நிறத்தை மொத்தமாக ஓரிடத்தில் நிறுத்துகிற கலை. அங்கே கண் கோட்டைப் பின்தொடர்ந்து அலைகிறது, இங்கே கண் நிறத்திலேயே நிற்கிறது. இரண்டும் வேறு வேறு சுகம். எனக்குக் கசப்பு எதில் என்றால், அவர்கள் கலையையும் ஒழுங்காகக் கற்காமல், நம்முடையதையும் கைவிட்டு, கல்யாண மண்டபத்தில் 'மெஹந்தி ஃபங்ஷன்' என்று பெயர் போட்டுக் கலப்படக் கோனைப் பிதுக்குகிறோமே, அதில்தான்.

கலப்படம் என்று சொன்னேன், அதை அழுத்திச் சொல்ல வேண்டும். மருதாணி இலை கறுப்பாகப் பிடிக்காது. எடுத்த உடனே மைக்கறுப்பாக வந்தால் அதில் பிபிடி என்கிற தலைமுடிச் சாய ரசாயனம் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தோலில் கொப்புளம் கிளம்பி, வடு விழுந்து, பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமே ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் இருக்கிறார்கள். கறுப்பாகச் சிவந்தால் புருஷன் பிரியமாக இருப்பான், மாமியார் மெச்சுவாள் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சுதான் இந்தக் கறுப்பு ஆசைக்கு விதை. தடித்த தோலும் சூடான கையும் இருந்தால் அடர்ந்து சிவக்கும், குளிர்ந்த கையில் கொஞ்சம் குறைவாக ஏறும். புருஷனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உலகம் மதிப்பதை நாம்தான் மதிப்பதில்லை. 2024 டிசம்பரில் மருதாணி வைக்கும் வழக்கத்தை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கோரியவை எகிப்து, மொராக்கோ, ஏமன் உள்ளிட்ட 16 அரபு நாடுகள். நமக்கோ ஆடி வந்தால் மருதாணி, தீபாவளிக்கு முந்தைய ராத்திரி மருதாணி, வளைகாப்புக்கு மருதாணி, பெருநாளுக்கு முதல் ராத்திரி தெருவில் எல்லா வீட்டிலும் மருதாணி. இவ்வளவும் இருந்தும் நான் படித்த பள்ளியில் சிவந்த கையோடு போனால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும்.

சரி, இத்தனை நேரம் வாத்தியார் மாதிரி பேசிவிட்டேன். இனி நமக்குள் சில விஷயம்.

பொட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டும். தோடும் அப்படித்தான், தலையில் வைத்த பூவும் அப்படித்தான். அதெல்லாம் பாதிக்கு மேல் அடுத்தவர் கண்ணுக்கு. கை மட்டும் நாள் முழுக்க என் கண்ணெதிரிலேயே இருக்கிறது. லேப்டாப்பில் தட்டும்போது, பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போது, காப்பி டம்ளரைச் சுற்றிப் பிடிக்கும்போது, எனக்கு நான் அழகாகத் தெரிகிறேன். வேலை அலுத்துப்போன மத்தியானங்களில் அந்தச் சிவந்த விரல் நுனிகள் தருகிற சந்தோஷத்தை வேறு எந்த அலங்காரமும் எனக்குத் தந்ததில்லை.

அப்புறம் அந்த ராத்திரி. இரண்டு கையிலும் வைத்தாகிவிட்டால் நீங்கள் எந்த வேலைக்கும் உதவ மாட்டீர்கள். பாத்திரம் தேய்க்க முடியாது, போனை எடுக்க முடியாது, துணி மடிக்க முடியாது. பெண்ணுக்கு யாரும் குறை சொல்லாமல் சும்மா உட்காரக் கிடைக்கிற நேரம் எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு முன்பே வைத்துவிட்டீர்களா, இன்னும் நல்லது. அம்மாவோ அக்காவோ, ஹாஸ்டல் என்றால் அறைத் தோழியோ, ரசம் சாதத்தைப் பிசைந்து வாயில் ஊட்டுவார்கள். சரியாக அப்போதுதான் மூக்கு அரிக்கும், அதையும் அவர்களே சொறிந்துவிட வேண்டும். வளர்ந்தபின் யார் நமக்கு ஊட்டுகிறார்கள்? உள்ளங்கையில் விழுது சில்லென்று இறங்கும். அந்தக் குளிர்ச்சி கண் வரைக்கும் ஏறுகிற மாதிரி இருக்கும்.

மணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சை இலையும் மண்ணும் சேர்ந்த ஒரு வாசனை, கையைவிட்டு இரண்டு நாள் போகாது. சாப்பிடும்போது குமட்டுகிறது என்று சிலர் ஸ்பூனைத் தேடுவார்கள். வேண்டாம். மறுநாள் காலையில் சூடான இட்லியை மிளகாய்ப்பொடியில் தோய்த்து அந்தக் கையாலேயே எடுத்துச் சாப்பிடுங்கள். நல்லெண்ணெய், மிளகாய், மருதாணி மூன்றும் சேர்ந்து வருகிற அந்த வாசனைக்கு நான் அடிமை. முதல் தடவை விநோதமாக இருக்கும். இரண்டாவது தடவை தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

சனிக்கிழமை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை காலையில் ஏறின சிவப்போடு வேலைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு மட்டும் தீர்ப்பு சொல்லாதீர்கள். இலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் தெருவில் எங்காவது ஒரு வேலியோரம் சின்னச் சின்ன இலையோடு ஒரு மருதாணி நிச்சயம் நிற்கும். வீட்டுக்காரரிடம் கேளுங்கள், இலை கேட்டு யாரும் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. பறிக்கும்போதே பென்சில் கனத்தில் ஒரு போத்தும் வெட்டி வாங்கி வாருங்கள். தொட்டியில் நட்டு நிழலில் வைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும்.