தனிக் கிணற்றின் சுகம்

ஏல மலைச் சரிவிலிருந்து மாலைக் காற்று இறங்கிவரும் வேளையில், அதன் அடிவாரத்து ஊரான ராசிங்காபுரத்தின் வீடொன்றின் கூடத்தில் அமர்ந்து, இரண்டே ஸ்பீக்கர்களின் வழியாகச் சங்கீதம் கேட்பது ஒரு தனி சுகானுபவம்.

திரைப்படத்திற்கென்று வாங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவரோ, ஒரே கிணற்று நீரை ஏழு வயல்களுக்குப் பங்கிடும் சம்சாரியைப் போன்றது. ஒற்றை டிரான்ஸ்ஃபார்மரின் சக்தியைக் கொண்டு ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கர்களைப் போஷிக்க வேண்டிய அப்பெட்டியின் பின்புறத்தில் பவர் பெருக்கத்துக்கு முந்தைய சமிக்ஞையை வெளியே தரும் ‘பிரீ அவுட்’ துளைகள் இருக்குமாயின், அவற்றிலிருந்து இடது, வலது சமிக்ஞைகளை மட்டும் ஒரு தனிப் பவர் ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுசென்று, முன்னிரு ஸ்பீக்கர்களை அதனிடம் ஒப்படைத்துவிடலாம்.

இதனால் சப்தம் பிரமாதமாகப் பெருகிவிடும் என்று எண்ணுவது பிரமை. வாட்டை இரட்டித்தாலும் 3 டெசிபலே கூடும். சிறிய அறையில், எளிதில் ஒலிக்கும் ஸ்பீக்கர்களில் வித்தியாசமே தெரியாமலும் போகலாம். ஆனால், மிருதங்கத்தின் தொப்பி திடீரென அதிரும் கணத்தில், 4 ஓம் ஸ்பீக்கர் கோரும் மின்னோட்டத்தைத் தயங்காமல் வழங்கும் நிதானமே இதன் உண்மையான லாபம்.

இளையராஜா 1943இல் பிறந்த பண்ணைப்புரமும் இதே மலையடிவாரத்து ஊர்தான். அவருடைய 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘ஹௌ டு நேம் இட்?’டை இவ்வாறு கேட்கையில், வயலின்களின் உரையாடல் தெளிந்து, மௌனமும் நாதத்தின் ஓர் அங்கமே என்பது மனத்திற்கு விளங்குகிறது.