ஆய்மகளின் இரண்டு கணக்குகள்

பத்துப்பாட்டுள் நான்காவதாக நிற்பது பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அவ்வைந்நூறு அடிகளுள் ஓர் ஆய்மகளுக்குக் கிடைத்தவை பத்துப் பன்னிரண்டு அடிகளே. மேடையில் அவளைப் பற்றிப் பேசுவோர், அவள் கூந்தலையும் காதணியையும் வியந்துவிட்டு, “பொன்னையும் வேண்டாத எளிய நெஞ்சம்” என்று சொல்லி அமர்ந்துவிடுகின்றனர். இவ்வுரை பொருந்தாது என்பது நமது துணிபு.

அவள் செய்வது யாது? பறவைகள் எழும் வைகறையில் எழுந்து தயிர் கடைகின்றாள். வெண்ணெயை எடுத்தபின் மோர்ப்பானையைத் தலையிற் சும்மாட்டின்மேல் வைத்து ஊருக்குட் சென்று விற்கின்றாள். மோருக்குக் கிடைத்த உணவைக் கொண்டு தன் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்யின் விலைக்கோ பொற்கட்டியை வாங்க மறுக்கின்றாள். எருமையும், நல்ல பசுவும், கரிய நாகும் பெறுகின்றாள்.

தோட்டத்துக் கணக்கேட்டின்முன் நாள்தோறும் அமர்ந்திருக்கும் நம்போன்றோர்க்கு இது பளிச்செனத் தெரியவேண்டும். இங்கே இருப்பவை இரண்டு கணக்குகள். மோர்க் கணக்கு வயிற்றுக்கு. நெய்க் கணக்கு முதலுக்கு. ஒன்றை மற்றொன்றில் அவள் கலக்கவில்லை. பொன் சாகாது, நோயுறாது, தீனியும் கேளாது. எருமையோ இம்மூன்றும் உடையது. எனினும் பொன் கன்று ஈனாது. ஆகவே இடர் உள்ள பொருளையே அவள் அறிந்து தெரிந்துகொள்கின்றாள். ஆனால் அவ்விடர் நெய்யளவில் நிற்கின்றது. பிள்ளையின் கலத்தை எட்டவில்லை. இதனை எளிமை என்பதா? கணக்கறிந்த துணிவு என்பதே தகும்.

இவளுக்கு அருகே சிலப்பதிகாரத்துக் கோவலனை நிறுத்திப் பார்ப்போம். குலச்செல்வத்தைத் தொலைத்துவிட்டு, மனைவியின் சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்யப் புறப்படுகின்றான். எஞ்சியிருந்த அனைத்தும் ஒரே பையில். கண்ணகி கடல்வணிகன் மாநாய்கன் மகள்; சிலம்பை அவளே முன்வந்து தருகின்றாள், ஆனால் அவள் கருத்து கேட்கப்படவில்லை. மதுரையில் அவளுக்கு இடம் கொடுத்தவள் மாதரி என்னும் இடையர்குல முதுமகள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தையும் மனப்பாடம் செய்தோம். கடலிற் சென்ற கப்பல்களை நம்பித் தன் மார்புத் தசையை ஈடாக எழுதிக் கொடுக்கின்றான் அந்தோனியோ. அவனைப் பெருந்தகை என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெற்றோம். தீபாவளிக்கு முன் இருபது கிலோ அரிசிமாவைக் கடனுக்கு வாங்கும் தாயை மட்டும் “இவளுக்கு ஏன் இந்த வேலை?” என்கின்றோம்!

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலையை நோக்குக. 1980ஆம் ஆண்டுகள் தொடங்கிப் பல ரப்பர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. தோட்டத்தில் குறைகள் பல இருந்தன. ஆயினும் பால்மரம் வெட்டச் செல்லும் தாய் குழந்தையை விட்டுச்செல்ல ஆயாக் கொட்டகை ஒன்றிருந்தது. அடுக்குமாடி வீட்டில் அதுவும் இல்லை. ஆகவே குழந்தையைத் தொட்டிலிலிட்டு, வீட்டிலிருந்தே முறுக்குச் சுடுகின்றனர், ரவிக்கை தைக்கின்றனர், தோசைமாவு அரைக்கின்றனர். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மாலை கட்டி விற்போரைக் காண்கின்றோம். மல்லிகை அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும்; மறுநாள் அது குப்பை. பூக்காரியின் இடரை அளக்க இதனினும் தெளிவான தராசு உண்டோ?

முதல் எங்கிருந்து வருகின்றது? நகை அடகுக்கடைக்குப் போகின்றது; அல்லது அண்டை வீட்டார் சேர்ந்து சீட்டுப் போடுகின்றனர். சீட்டு நடத்துதலைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் சான்றாக நிற்பது ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமே. இரண்டும் இல்லையேல் ஆலோங் வருகின்றான்.

வங்காளதேசத்துக் கிராமின் வங்கியின் முறையைப் பின்பற்றி, 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் ஒரு சோதனை நடந்தது. அதன் பயனாக 1987இல் அமானா இக்தியார் மலேசியா தோன்றியது. ஈடு கேளாது ஏழை மகளிர்க்குக் கடன் வழங்கியது பெரும் நன்மையே. 2024இல் அதன்வழி இந்திய மகளிர்க்கென்றே ‘பெண்’ என்னும் திட்டம் எழுந்தது; 5 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. இதனை வரவேற்கின்றோம். ஆயினும் அம்முறையின் வாரத் தவணையை ஆய்மகளின் கண்கொண்டு பார்த்தால் ஒரு குறை புலப்படுகின்றது. எருமை ஈனும்வரை பொறுக்கவேண்டும். தவணையோ அடுத்த வாரமே வாசலில் நிற்கும். அப்போது அதனை எதிலிருந்து செலுத்துவது? மோரிலிருந்துதான். நெய்க்கு வாங்கிய கடன் மோர்க் கணக்கை விழுங்கத் தொடங்குகின்றது. மாவு அரைப்பவளுக்கு அன்றாடம் வரவு உண்டு, அவள் தாங்குவாள். தையல் இயந்திரம் வாங்கியவளுக்குத் திருவிழாக் காலத்தில் மட்டுமே கை நிறைகின்றது. இருவர்க்கும் ஒரே தவணை முறை எவ்வாறு பொருந்தும்?

“துணிந்து இறங்குங்கள், வெற்றி உங்களுடையது” என்று மகளிர் கூட்டங்களில் முழங்குவோரும் இவ்வினாவைக் கேட்பதில்லை. நட்டம் வந்தால் எவ்வளவு தாங்கும், எந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பதைச் சொல்லாத ஊக்கவுரை கோவலனுக்குச் சொன்ன ஊக்கவுரை. பெண்ணுக்கு அடுப்பே போதும் என்பாரோ, நெய்யையும் மோரோடு சேர்த்துக் குடித்துவிடச் சொல்பவர்.

உருத்திரங்கண்ணனாரிடமும் நமக்கு ஒரு குறை உண்டு. அந்த எருமை நோயுற்று இறந்திருந்தால் ஆய்மகள் என்ன செய்திருப்பாள்? பொருள் பெற்று மீளும் பாணன் வளத்தையே பேசவேண்டும் என்பது ஆற்றுப்படையின் மரபு. அதனால் கறவை வாங்கிய இடத்திலேயே புலவர் அவளை விட்டுவிட்டு அடுத்த குடிக்குச் சென்றுவிட்டார். 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிற் கொணர்ந்த பின்னர் எத்தனையோ பேர் இப்பகுதியைப் பாராட்டினர். நட்டப்பட்ட ஆய்மகளைப் பற்றி ஓர் அடி எழுதியவர் எவரையும் நாம் இதுவரை படித்ததில்லை.