ராக்லாந்தின் தாழ்மையும் சிவகாசியின் இளைப்பாறுதலும்

சிவகாசின்னதும் பட்டாசும் தீப்பெட்டியும்தான் பேச்சில் வரும். தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து வருவது அபூர்வம். 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். சி.எம்.எஸ். மிஷனின் சென்னைச் செயலாளராக இருந்தவர். 1854 முதல் டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இருவரோடு அன்றைய வட திருநெல்வேலிக் கரிசலில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு ஊழியம் செய்தார். நுரையீரல் நோய் முற்றி, 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் இறந்தார். வயது 43.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இவரைப் பற்றி எழுதிய நூல் 1922-ல் வெளிவந்தது. நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியாகவே ராக்லாந்தை அவர் பார்க்கிறார். உருக்கமான நூல்தான், சந்தேகமில்லை. ஆனால் கரிசலில் உட்கார்ந்து படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இங்கே போற்றப்படுவது, உயரத்திலிருந்து இறங்கி வந்தவரின் தாழ்மை. இறங்குவதற்குப் படியே இல்லாதவர்களுக்கு இந்த நூல் என்ன சொல்கிறது?

கேள்வி சும்மா எழவில்லை. ராக்லாந்து இறந்து 41 வருஷம் கழித்து, 1899-ல், கோயில் நுழைவுத் தகராறு முற்றி சிவகாசி சூறையாடப்பட்டது. வாசலிலேயே நிறுத்தப்பட்ட மக்களிடம் போய் 'தாழ்மையாய் இரு' என்றால் அது காதில் எப்படி விழும்? நூல் வெளிவந்த அதே 1922-ல்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். ஊர் தலைநிமிரப் பார்த்த காலம் அது.

மத்தேயு 11-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை இந்த இடத்தில் வரிசை மாறாமல் படிக்கணும். கூப்பிடப்படுகிறவர்கள் ஏற்கெனவே சுமக்கிறவர்கள். அவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது இளைப்பாறுதல். நுகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மனத்தாழ்மை யாருடையது? கூப்பிடுகிறவருடையது! சுமக்கிறவனை இன்னும் குனியச் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் தாம் நிற்பதாகச் சொல்கிறார். நுகத்தடி இரண்டு மாட்டுக்கானது என்பது கரிசல்காட்டு சம்சாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிப் படித்தால் ராக்லாந்து இன்னும் நெருங்கி வருகிறார். நாற்காலியை விட்டது பெரிசில்லை. நோயோடு, அதே வெயிலில், அடுத்தவன் நுகத்தில் கழுத்தைக் கொடுத்தாரே, அதுதான் பெரிசு. ஏமி அம்மையார் அவருடைய மரணத்தில் பார்த்ததை, நான் அந்த நாலு வருஷக் கூடார வாழ்க்கையில் பார்க்கிறேன்.

இது வெறும் வியாக்கியான விவாதம் இல்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, மருந்து படிந்த கையோடு வீடு திரும்புகிறவர்கள் இன்றும் ஆலய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தாழ்மையை மட்டும் பிரசங்கித்தால் அது முதலாளிக்குத்தான் சௌகரியம். இளைப்பாறுதலைச் சொல்லுங்கள். அதைச் சொல்கிறவர், முதலில் அவர்கள் சுமையில் ஒரு பக்கம் தோள் கொடுக்கட்டும்.