தாளத்துக்கு முந்திய மௌனம்

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூணைத் தட்டினால், தட்டிய கணமே ஒலி பிறக்கிறது. வில்லுப்பாட்டுக் கலைஞரின் வீசுகோல் நாணில் பட்டதும் அப்படியே. ஆனால் அதே வில்லுப்பாட்டுத் தாளத்தை எம்.பி.3 கோப்பாக்கி ஒரு கணிப்பொறி விளையாட்டில் சேர்த்தால், ஒலி சற்றுத் தயங்கியே புறப்படக்கூடும். இந்தத் தயக்கத்தை விளையாட்டு மென்பொருள்கள் கையாளும் முறை சரிதானா என்பதே நம் கேள்வி.

முதலில் தயக்கத்தின் காரணத்தைக் காண்போம். 1993-இல் தரமாக வெளியான எம்.பி.3 முறை, ஒலியைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முந்தியதுடன் இணைத்தே கணக்கிடுகிறது. முதல் தொகுதிக்கு முன் ஏதும் இல்லையாதலால் அவ்விடத்தை வெறுமை நிரப்புகிறது. பரவலாக வழங்கும் ‘லேம்’ என்னும் மென்பொருள் கோப்பைச் சுருக்கும்போது 576 மாதிரிகள் சேர்கின்றன. ஒலியை மீட்கும்போது மேலும் 529. மொத்தம் 1105. வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், இது ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு.

ஒருமுறை கேட்டால் இது தெரியாது. விளையாட்டிலோ ஒரே இசைத்துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அட்சரத்துக்கு ஒரு வினாடி வீதம் ஆதிதாள ஆவர்த்தம் 8 வினாடி. அதை 40 முறை சுழற்றினால் ஏறத்தாழ ஓர் அட்சரமே பிசகிவிடும். கோப்பின் இறுதியில் சேரும் வெறுமை பிசகை மேலும் கூட்டும்.

இதற்குச் சிலர் கைக்கொள்ளும் வழி, தொடக்கத்தில் ஒலி மிகக் குறைந்த பகுதி முழுவதையும் வெட்டிவிடுவது. இது எளிது, எனினும் ஏற்கத்தக்கதன்று. அனாகத எடுப்பில், தாளம் தொடங்கிய பின்பே பாட்டு தொடங்குகிறது. அரை அட்சரம் தள்ளி எடுக்கும் பாட்டில், முன்னுள்ள அரை வினாடி இசையமைத்தவர் எண்ணி வைத்த மௌனம். அதை வெட்டினால் பாட்டு சமத்தில் விழுந்து, தாளக் கட்டே மாறிவிடும். தாமிரபரணிக் கரையின் காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) வாசித்த நாகசுரத்தை எண்ணிப் பாருங்கள். அக்கருவியில் ஓர் ஆலாபனை மெல்ல எழுமானால், உரத்தை மட்டுமே அளக்கும் மென்பொருள் அதன் முதல் மூச்சையே அறுத்துவிடும்.

இயந்திரம் சேர்த்த மௌனத்தின் அளவு தெரிந்த ஒன்று. ‘லேம்’ அதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவைக்கிறது. அந்த எண்ணைப் படித்து, மீட்பில் சேரும் 529-ஐயும் கூட்டி, அத்தனை மாதிரிகளை மட்டும் தாண்டுவதே முறை. எண் பதியப்படாத கோப்பை மனிதர் கேட்டு வெட்டட்டும். ‘ஆக் வார்பிஸ்’ முறையில் மாதிரிகளின் கணக்கு கோப்பிலேயே அமைந்திருப்பதால் இத்தொல்லை இல்லை. ‘வேவ்’ கோப்பிலும் இல்லை. ஆனால் ஒரு நிமிட ஸ்டீரியோ இசைக்கு ஒரு கோடி பைட்டுக்கு மேல் இடம் வேண்டும்.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். முதல் அரை வினாடி மௌனமாக உள்ள 8 வினாடித் தாளத்தை எம்.பி.3 ஆக்கி, விளையாட்டு மென்பொருளில் 40 முறை சுழற்றுங்கள். 320 வினாடியைத் தாண்டினால் இயந்திரத்தின் மௌனம் நீங்கவில்லை. 300 வினாடியிலேயே முடிந்தால் இசையின் மௌனம் போய்விட்டது.